ஒரு வாரத்துக்கு வாங்கிப்போன வண்டி

பொகட்டெல்லோ, ஐடஹோ
ஜூன் 9

கிளேட்டன்,

போன் செய்தால் எடுப்பதில்லை. கேட்டால் மலைக்குள் சிக்னல் கிடைக்காது என்பாய். டிரக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குள் வருகிற நாளிலுமா கிடைக்காது? ஸ்டான்லியிலிருந்து நீ அனுப்பிய அட்டையை வைத்து, அந்தத் தபால் நிலையத்துக்கே இதை அனுப்புகிறேன். வாங்கிக்கொள்.

மே பதினைந்தாம் தேதி, காட்டில் தங்குகிற எங்கள் மடக்கு வண்டியை உன் டிரக்குக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போனாய். "ஒரே வாரம்க்கா, மீன் பிடிச்சுட்டு வந்துடறேன்" என்றாய். இப்போது நாலாவது வாரம் நடக்கிறது. நீ பிடித்த மீனை வைத்து ஊருக்கே சாப்பாடு போட்டிருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தானுக்குச் சிறுநீரகம் நூற்றுக்குப் பதிமூன்று பங்குதான் வேலை செய்கிறதாம். செப்டம்பரில் டயாலிசிஸ் ஆரம்பித்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆரம்பித்தால் வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில். அப்புறம் எங்கே காடு, எங்கே ஏரி? அதற்கு முன்னால் பாப்கேட் ஏரி முகாமில் இரண்டு வாரம் இருக்க வேண்டும் என்கிறார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. அங்கே கரண்ட் இல்லை, குழாய் இல்லை, தங்கும் விடுதி நாற்பது மைலுக்கு இல்லை. அவர் இருக்கிற இருப்பில் தரையில் கூடாரம் போட்டுப் படுத்தால் மறுநாள் எழுந்திருக்க மாட்டார். கூரையைத் தூக்கி, இரண்டு பக்கமும் கட்டிலை இழுத்து விரிக்கிற அந்த வண்டி இருந்தால்தான் முடியும்.

எனக்கும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலை ஆகஸ்டு இருபதுக்குப் பிறகு தொடங்கிவிடும். ஜூலை முதல் வாரத்துக்குள் வண்டி எங்கள் வாசலில் நிற்க வேண்டும். கித்தானை ஈரத்தோடு மடித்துக் கொண்டுவந்து நிறுத்தாதே. போன தடவை பூஞ்சணம் போக நான் மூன்று நாள் தேய்த்தேன்.

டார்லா

*

ஸ்டான்லி
ஜூன் 15

அக்கா,

கடிதம் கிடைத்தது. அத்தான் விஷயம் கேட்டு மனசு சரியில்லை. இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வண்டியைக் கொண்டுவரத்தான் நினைத்தேன். ஆனால் கூரையைத் தூக்குகிற கம்பி வடம் நைந்துவிட்டது. கைப்பிடியைச் சுற்றினால் மூன்று மூலை மேலே போகிறது, நாலாவது மூலை அப்படியே நிற்கிறது. இந்த நிலையில் அத்தானிடம் கொடுத்தால் கூரை அவர் தலையில் விழும். இங்கே இதற்கெல்லாம் உதிரிப் பாகம் கிடைப்பதில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று வேறு முகாமுக்கு மாறுகிறேன். போகிற வழியில் தபாலில் போடுகிறேன். இனிமேல் மெக்கே தபால் நிலையத்துக்கு எழுது.

கிளேட்டன்

*

பொகட்டெல்லோ
ஜூன் 21

கிளேட்டன்,

உதிரிப் பாகம் கிடைப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். யாரிடம் சொல்கிறாய்? உன் அத்தான் முப்பது வருஷம் காட்டு முகாம்களைப் பராமரித்த மனிதர். கழிப்பறைக் கதவிலிருந்து குப்பைத் தொட்டித் தாழ்ப்பாள் வரைக்கும் அவர் கை படாதது கிடையாது. உன் கடிதத்தைப் படித்த அரை மணி நேரத்தில் புது வடத்துக்குச் சொல்லிவிட்டார். இத்துடன் வரும் பெட்டியில் இருக்கிறது. எப்படி மாற்றுவது என்று நாலு பக்கம் படம் போட்டு எழுதியிருக்கிறார். சாப்பாட்டு மேஜை முழுவதும் கிரீஸ் நாற்றம்.

பெட்டியில் கம்பளிப் போர்வை ஒன்றும் வைத்திருக்கிறார். ஜூன் மாதத்தில் அது எதற்கு என்று கேட்டேன். "மலையில ராத்திரி குளிரும்டீ" என்றார். நீ கேட்டாயா, அவராகத்தான் வைத்தாரா?

வடத்தை மாட்டு. வண்டியைக் கொண்டு வா. வேறு பேச்சு வேண்டாம்.

டார்லா

*

மெக்கே
ஜூன் 29

அக்கா,

வடம் மாட்டிவிட்டேன். அத்தான் போட்ட படம் அருமை. அவருக்கு என் நன்றியைச் சொல். கம்பளியும் உதவியாக இருக்கிறது.

ஆனால் இன்னொன்று. இடது சக்கரத்திலிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது. பேரிங் போயிருக்கும். இதை வைத்துக்கொண்டு நூற்றுச் சொச்சம் மைல் இழுத்து வந்தால் சக்கரம் கழன்று ஓடிவிடும். கொஞ்சம் பொறுத்துக்கொள். இன்று மறுபடியும் முகாம் மாறுகிறேன். பழையபடி ஸ்டான்லிக்கே எழுது.

கிளேட்டன்

*

பொகட்டெல்லோ
ஜூலை 5

கிளேட்டன்,

சக்கரம் ஓடாது என்கிறாய். அதே கடிதத்தில் முகாம் மாறுகிறேன் என்கிறாய். மெக்கேயிலிருந்து ஸ்டான்லிப் பக்கம் வண்டியைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாயா?

எனக்கு உன்னைச் சின்ன வயசிலிருந்து தெரியும். ஜன்னலை உடைத்துவிட்டு, பறவை வந்து மோதியது என்று சொன்ன பையன்தானே நீ. ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லக்கூட உனக்குத் துப்பில்லை. உன் பொய்யைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நாள் போகிறது, அதுதான் கவலை. போன வாரச் சோதனையில் பதிமூன்று பதினொன்றாகிவிட்டது. உருளைக்கிழங்கு சாப்பிடக் கூடாதாம். உருளைக்கிழங்குக்கே பேர்போன ஐடஹோவில் பிறந்தவரிடம் போய் இப்படிச் சொல்கிறார்களே. "அதுக்குப் பதிலா என்னை நெவாடாவுக்கு நாடு கடத்திடச் சொல்லு" என்கிறார்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சிரிப்பார், திட்டுவார் என்று பார்த்தேன். கடிதத்தைக் கையில் வாங்கி, தேதியைப் பார்த்தார். பழைய கடிதத்தை எடுத்து அதையும் பார்த்தார். பிறகு எழுந்து போய் பேரிங் வாங்கி வந்துவிட்டார். காஸ் அடுப்புக்குப் புதுக் குழாயும் சேர்த்து வாங்கியிருக்கிறார். அடுப்பு கெட்டுப்போனது என்று நீ எழுதவே இல்லையே என்றேன். இரண்டையும் பெட்டியில் வைத்து ஒட்டிவிட்டார். உனக்கு அவர் கொடுக்கிற இடம் எனக்குப் பிடிக்கவில்லை.

டார்லா

*

ஸ்டான்லி
ஜூலை 13

அக்கா,

நீ நம்ப மாட்டாய். முந்தாநாள் கரடி வந்தது.

ஏரிக்குப் போயிருந்த நேரத்தில் வந்து ஒரு பக்கத்துக் கித்தானைக் கிழித்துவிட்டது. இந்த முகாமைப் பார்த்துக்கொள்கிற மேவிஸ் என்ற அம்மா பாத்திரத்தைத் தட்டி விரட்டினார். "பன்னிக்கறியை உள்ள வச்சுட்டா போனீங்க? கரடிக்கு இலை போட்டு விருந்து வச்ச ஆள் நீங்கதான்" என்று எனக்கும் சேர்த்து வசவு. கறி அப்படியே இருக்கிறது, கித்தான்தான் போய்விட்டது. இந்தக் கிழிசலோடு அத்தானைப் படுக்க வைக்க முடியுமா, சொல்.

இன்று கரடி இல்லாத முகாமாகப் பார்த்து மாறுகிறேன். மெக்கேக்கு எழுது.

கிளேட்டன்

*

பொகட்டெல்லோ
ஜூலை 20

கிளேட்டன்,

பன்றிக்கறியைத் தொடாமல் கித்தானை மட்டும் தின்றுவிட்டுப் போன சைவக் கரடியைப் பற்றி இனி எழுதாதே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று நாளாக இந்த வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒட்டுப்போட ஒரு சாண் துணி போதும். இவரோ இரண்டு கட்டிலையும் மேலிருந்து மூடுகிற மாதிரி, உள்ளே கனத்த கம்பளி வைத்து, பெரிய உறையாகத் தைத்துக்கொண்டிருக்கிறார். ஊசியில் நூல் கோக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறார். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. "ரெண்டு வாரம் தங்கறதுக்கு இவ்வளவு எதுக்குங்க?" என்றால், "ஆகஸ்டு கடைசியிலயே அங்க உறைபனி விழுந்துடும்" என்கிறார். ஆகஸ்டு கடைசியில் நான் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பேன் என்பது அவருக்குத் தெரியாதா?

கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கிறது. இனி நீ கொண்டுவர வேண்டாம். வருகிற சனிக்கிழமை விட்டு அடுத்த சனி, முப்பதாம் தேதி, நாங்களே டிரக்கை எடுத்துக்கொண்டு வருகிறோம். ஓட்டை இருந்தாலும் சக்கரம் கழன்றிருந்தாலும் மாட்டிக்கொண்டு நேராகப் பாப்கேட் ஏரிக்குப் போகிறோம். மெக்கேக்கு மேலே எந்த முகாமில் இருப்பாய் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். நீ அசையாமல் அங்கேயே இரு.

டார்லா

*

மெக்கே
ஜூலை 27

அக்கா,

வராதே. இன்றே இங்கிருந்து கிளம்புகிறேன். கிளம்பித்தான் ஆக வேண்டும்.

எப்போது பார்த்தாலும் உன் வண்டி, உன் வீடு, உன் காலண்டர். மற்றவனுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கும், அதில் அவனுக்கும் ஒரு நெருக்கடி இருக்கும் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறாயா? கேட்டால் கொடு, சொன்னால் செய், கூப்பிட்டால் வா. நான் உன் பஸ்ஸில் வருகிற பிள்ளை இல்லை. எனக்கு வயசு ஐம்பத்து நாலு.

ஒரு மாதம் பொறு என்று கேட்டால் அது அவ்வளவு பெரிய குற்றமா?

சாலிஸ் தபால் நிலையத்துக்கு எழுது. எழுதாமல் இருந்தாலும் சரி.

கிளேட்டன்

*

பொகட்டெல்லோ
ஆகஸ்டு 8

கிளேட்டன்,

வராதே என்ற உன் கடிதம் ஆகஸ்டு ஒன்றாம் தேதி கிடைத்தது. நாங்கள் முப்பதாம் தேதியே போய்விட்டு வந்துவிட்டோம்.

கடைசி இருபது மைல் மண் ரோடு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். அவர் சொன்ன முகாம் சரிதான். பன்னிரண்டாம் எண் இடத்தில் உன் டயர்த் தடமும் பெருக்கி வைத்த தரையும்தான் இருந்தன. பக்கத்து இடத்தில் இருந்த ஒரு மனிதர், "அந்த டைல்ஸ் பதிக்கிறவரா? புதன்கிழமையே போயிட்டாரே. பதினாலு நாள் ஆச்சுல்ல" என்றார். அங்கே இருந்த மர மேஜையில் இவர் உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"டார்லா, லீவுக்கு வந்தவன் ஞாயித்துக்கிழமை கிளம்புவான். மறுநாள் வேலைக்குப் போகணும்ல. சரியா பதினாலாம் நாள் காலையில, அதுவும் புதன்கிழமை கிளம்பறவனுக்கு வீடு கிடையாது."

எனக்குப் புரியவில்லை. உன் கடிதங்களின் தேதியைச் சொன்னார். ஜூன் பதினைந்து, ஜூன் இருபத்தொன்பது, ஜூலை பதிமூன்று, ஜூலை இருபத்தேழு. கடைசித் தேதியை, உன் கடிதம் வருவதற்கு முன்பே, அவரே சொன்னார். ஒரு முகாமில் பதினாலு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று முப்பது வருஷம் வண்டிக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிய கை அது.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றேன்.

"ரெண்டாவது கடுதாசியிலயே."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா அன்னைக்கே போயி நின்னிருப்பே. அவன் ரோஷக்காரன். வண்டியை உன்கிட்ட குடுத்துட்டு, டிரக்கு சீட்டுல மடங்கிப் படுத்திருப்பான். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டான்."

"அப்ப இன்னைக்கு என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"பார்க்கணும்னுதான். மாட்டிட்டுப் போக இல்ல."

வடம், பேரிங், காஸ் குழாய், அந்தக் கம்பளி உறை. எல்லாம் நாங்கள் ஏரிக்குப் போகத்தான் என்று நான் ஒருத்திதான் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் உனக்கு வீடு கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து என்னை நன்றாக முட்டாளாக்கினீர்கள். அவருக்கு இதுதான் கடைசிக் கோடை என்று நான் ஒருத்தி கிடந்து அடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நேராக ஆஸ்பத்திரி. ஐந்தாம் தேதி டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். செப்டம்பர் வரைக்கும் காத்திருக்கவில்லை.

உண்மையா, இல்லையா? அதை மட்டும் எழுது.

டார்லா

*

சாலிஸ்
ஆகஸ்டு 24

அக்கா,

உன் கடிதம் பத்தாம் தேதி கைக்கு வந்தது. தபால் நிலைய வாசலில் டிரக்குக்குள் உட்கார்ந்து படித்தேன். இரண்டு வாரம் பேனாவை எடுக்க முடியவில்லை.

உண்மைதான்.

ஹெய்லியில் ஒன்பது வருஷம் இருந்த வீடு. ஏப்ரல் கடைசியில் காலி செய்யச் சொன்னார் வீட்டுக்காரர். இனிமேல் பனிச்சறுக்கு ஆட வருகிறவர்களுக்கு ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி என்று விடப்போகிறாராம். அந்தக் குளியலறையில் டைல்ஸ் பதித்தவன் நான். ஹெய்லியில் தேடினேன், கெட்சமில் தேடினேன், பெல்வ்யூவில் தேடினேன். என்னைப்போல் டிரக்கும் கூடாரமுமாக ஒவ்வொரு முகாமிலும் நாலு பேர் இருக்கிறார்கள். பகலில் பெரிய வீடுகளில் வேலை. சாயங்காலம் காட்டுக்குள் வந்து படுக்கை. பதினாலு நாள் ஆனால் அடுத்த இடம். ஒரு வாரத்தில் ஏதாவது கிடைத்துவிடும் என்று நினைத்துத்தான் உன்னிடம் ஒரு வாரம் என்றேன். அது மட்டும் பொய் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பத்து வருஷத்துக்கு முன்னால் எனக்கு வேலை போனபோது எட்டு மாதம் உன் வீட்டுக் கீழ் அறையில் இருந்தேன் அல்லவா? ஒருநாள் படியேறி வந்தபோது நீ போனில் பேசிக்கொண்டிருந்தாய். "இன்னும் இங்கதான் இருக்கான், போற வழியைக் காணோம்" என்றாய். நீ தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் மறுபடியும் போய் உட்கார என்னால் முடியவில்லை.

ஜூன் மாதமே வண்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அத்தான் ஏரியைப் பார்த்திருப்பாரே என்று தினமும் நினைக்கிறேன். அவருடைய கோடையை நான் தின்றுவிட்டேன். செப்டம்பர் பத்தாம் தேதி, சனிக்கிழமை, வண்டியைக் கொண்டுவந்து விடுகிறேன்.

கிளேட்டன்

*

பொகட்டெல்லோ
செப்டம்பர் 1

கிளேட்டன்,

வண்டியை இங்கே கொண்டுவராதே. வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் நான் கதவைத் திறக்க மாட்டேன்.

போனில் சொன்னேன், நிஜம்தான். எட்டு மாதம் நீ இருந்தாய், ஏழு மாதம் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் அலுப்பில் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு நடந்தாயே, அன்றைக்கே சமையலறைக்குள் வந்து என்னிடம் கத்தியிருந்தால் என்ன? நானும் கத்தியிருப்பேன். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்போம். ஜூன் மாதம் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நாங்கள் அங்கே வந்து உன்னோடு தங்கியிருப்போம். நாலு பேர் படுக்கிற வண்டியில் நீ ஒருவன் படுத்துக்கொண்டு, கரடிக்கதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய். நினைத்தால் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

இப்போது கேள். திங்கள், புதன், வெள்ளி அவருக்கு டயாலிசிஸ். வெள்ளி மதியம் முடிந்தால் அடுத்தது திங்கள் காலை ஏழு மணிக்கு. இடையில் மூன்று ராத்திரி இருக்கிறது. நர்ஸிடம் கேட்டேன். ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருந்தால் போகலாம், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும் என்றாள். பாப்கேட் ஏரி தூரம். சேஜ்ஹென் முகாம் ஐம்பது நிமிஷம்.

ஆனால் என் பஸ் வேலை முடிய வெள்ளிக்கிழமை நாலரை ஆகும். அந்த நேரத்துக்குப் போனால் அங்கே ஒரு இடமும் இருக்காது. முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவனுக்குத்தான் இடம். செவ்வாய், புதனிலேயே வண்டியை விரித்து, அங்கேயே ஆள் படுத்தால்தான் வாரக் கடைசிக்கு நிற்கும். வெறும் வண்டியை விரித்துவிட்டுப் போனால் நோட்டீஸ் ஒட்டுவார்கள். உன் அத்தானே எத்தனை பேருக்கு ஒட்டியிருக்கிறார்.

வேலை நாளில் காட்டில் படுத்திருக்கக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். நம் பக்கத்திலும் வீடு கட்டுகிறார்கள், டைல்ஸ் பதிக்கிறார்கள். பனி விழுந்து ரோட்டை மூடும் வரைக்கும் இப்படி ஓட்டலாம். அதற்குப் பிறகு என்ன என்று எனக்கும் தெரியவில்லை. கீழ் அறை இருக்கிறது, நானும் இருக்கிறேன், என் வாயும் இருக்கிறது. யோசித்துக்கொள்.

ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறோம். வருகிறாயா இல்லையா என்று ஒழுங்காக எழுது. வண்டியில் உண்மையாகவே என்னென்ன கெட்டிருக்கிறது என்பதையும் எழுது. இந்தத் தடவையாவது.

டார்லா

*

சேஜ்ஹென் முகாம்
செப்டம்பர் 6, செவ்வாய்

அக்கா,

வந்துவிட்டேன். பதினாலு நாள் நாளைக்குத்தான் முடிகிறது. ஒரு நாள் முன்னாலேயே கிளம்பிவிட்டேன். நாலாம் எண் இடம், ஓடைக்குப் பக்கத்தில். கழிப்பறை முப்பது அடி, அத்தான் நடந்துவிடலாம். இடத்துக்கான சீட்டில் மூன்று பேர் பெயரையும் எழுதிக் கம்பத்தில் மாட்டியிருக்கிறேன்.

வடம் நைந்தது பொய். அத்தான் அனுப்பிய புது வடத்தைப் பழையது நன்றாக இருக்கும்போதே மாற்றினேன். பேரிங்கும் பொய். கரடியும் பொய், மேவிஸ் மட்டும் நிஜம்.

உண்மையில் கெட்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். அதை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அத்தான் அந்த உடம்போடு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். ஜூன் மாதத்திலிருந்தே கூரை ஒழுகுகிறது, வடக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு நேர் மேலே. வெள்ளிக்கிழமை மழை என்கிறார்கள்.

அந்தப் பக்கம் நான் படுத்துக்கொள்கிறேன். ஒழுகாத பக்கத்தைப் பெருக்கி, கம்பளி விரித்து வைத்திருக்கிறேன். அது உங்கள் இரண்டு பேருக்கும்.

கிளேட்டன்